பதினைந்துக்கும் முப்பதுக்கும் நடுவே நூறு மைல்

கொலராடோவுக்கு எல்லை வகுத்தவர்கள் ஆறு, மலை எதையும் பார்க்கவில்லை. வரைபடத்தில் அடிக்கோலை வைத்துக் கோடு இழுத்துவிட்டார்கள். தெற்கே 37 பாகை, வடக்கே 41 பாகை. வடக்குக் கோட்டைத் தாண்டினால் வயோமிங். டென்வரில் ஐ-25 நெடுஞ்சாலையில் ஏறினால் வயோமிங் தலைநகரான ஷையான் ஏறக்குறைய நூறு மைல். இடப்பக்கம் ராக்கி மலைத்தொடர் கூடவே வரும். வலப்பக்கம் காய்ந்த புல்வெளியும், தலையாட்டிக்கொண்டே எண்ணெய் இறைக்கும் பம்புகளும்தான். கோடு எங்கே வருகிறதென்று பலகை சொன்னால்தான் தெரியும்.

அந்தக் கோட்டுக்குத் தெற்கே துப்பாக்கியில் மாட்டும் மேகசின் 15 தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது. வடக்கே எத்தனை வேண்டுமானாலும் கொள்ளலாம். மாநிலத்துக்கு மாநிலம் அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டம் மாறும் என்பது தெரிந்த விஷயம்தான். ஆனாலும் ஒரு காலைப்பொழுதில் காரில் கடந்துவிடக்கூடிய தொலைவுக்குள் அது எப்படி மாறுகிறது என்று கண்ணால் பார்க்க ஆசை. ஃபோர்ட் காலின்ஸில் சிப் வடிவமைக்கும் வேலையில் இருக்கும் என் சித்தப்பா மகன், "வாங்கண்ணே, நானே ஓட்டறேன்" என்றான். அவன் அமெரிக்கக் குடிமகனாகிச் சில காலம் ஆகிறது. வீட்டில் ஒரு ரைஃபிளும் இருக்கிறது. ஊரில் சித்திக்கு இதில் இரண்டாவது விஷயம் தெரியாது.

விமான நிலையத்திலிருந்து நேராக வடக்கே போகாமல் முதலில் அரோராவுக்குப் போகச் சொன்னேன். டென்வரை ஒட்டினாற்போல் கிழக்கே இருக்கும் ஊர். நகராட்சி வளாகத் தோட்டத்தில் ஒரு சிற்பம் நிற்கிறது: மேல்நோக்கிச் சுழன்றெழும் 83 கொக்குகள். அவற்றில் 13 மட்டும் ஒளி ஊடுருவும்படி செய்யப்பட்டவை. 2012 ஜூலை 20 நள்ளிரவில், இங்குள்ள திரையரங்கில் பேட்மேன் படம் ஓடிக்கொண்டிருந்தபோது ஒருவன் உள்ளே புகுந்து சுட்டான். 12 பேர் இறந்தார்கள், 70 பேர் காயமடைந்தார்கள். காயம்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்த சிசுவையும் சேர்த்துத்தான் 13. காலை வெயில் அந்தப் பதின்மூன்றின் இறக்கைகளுக்குள் புகுந்து புல்லில் விழுந்துகொண்டிருந்தது. அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பழக்கப்பட்டவர்களாகக் கடந்து போனார்கள்.

திரையரங்கில் சுட்டவன் ரைஃபிளில் மாட்டியிருந்தது 100 தோட்டா கொள்ளும் உருளை மேகசின். 65 தோட்டா பாய்ந்த பிறகு அது சிக்கிக்கொண்டது. சிக்காமல் இருந்திருந்தால் என்ற கேள்விதான் அடுத்த வருடத்துச் சட்டத்தின் வேர். முன்மொழிந்தவர் அரோராவின் பிரதிநிதி ரோண்டா ஃபீல்ட்ஸ். அவருடைய மகன் ஒரு கொலை வழக்கில் சாட்சி சொல்லவிருந்த நேரத்தில், 2005-இல், சுட்டுக் கொல்லப்பட்டார். மசோதா அவைக்கு வந்தபோது வரம்பு 10. பேரம் பேசி வெளியே வரும்போது 15. பரவலாக விற்கும் கிளாக் 19 கைத்துப்பாக்கியோடு வழக்கமாக வரும் மேகசினும் 15தான். எந்த எண்ணுக்கு வாக்கு கிடைத்ததோ அந்த எண் சட்டமாயிற்று என்று எடுத்துக்கொள்கிறேன். சட்டமன்றங்கள் அப்படித்தான் இயங்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆளுநர் ஜான் ஹிக்கன்லூப்பர் கையெழுத்திட்ட நாள் 2013 மார்ச் 20. அதற்கு முந்தின இரவுதான் மாநிலச் சிறைத்துறைத் தலைவர் டாம் கிளெமெண்ட்ஸ், தன் வீட்டு வாசலில் கதவைத் திறந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். சட்டம் ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. செப்டம்பரில், அதை ஆதரித்த மேலவை உறுப்பினர்கள் இருவரை வாக்காளர்கள் பதவியிலிருந்து திரும்ப அழைத்துவிட்டார்கள். ஒருவர் மேலவைத் தலைவரே. கொலராடோ வரலாற்றில் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் அப்படி வீட்டுக்கு அனுப்பப்பட்டது அதுவே முதல் முறை.

ஃபோர்ட் காலின்ஸ் வந்ததும் தம்பி ஒரு துப்பாக்கிக் கடைக்குக் கூட்டிப்போனான். வாசலிலேயே எச்சரித்தான்: "அண்ணே, துப்பாக்கியத் தொடாதீங்க. விசிட்டர் விசா." அவன் சொன்னது சரி. இப்படி வந்த வெளிநாட்டவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் வாங்கினால் விலக்கு உண்டு என்பது இன்னொரு வினோதம். காலி மேகசின் துப்பாக்கியிலும் சேர்த்தியில்லை, தோட்டாவிலும் சேர்த்தியில்லை. அதைக் கல்லாவுக்குப் பின்னாலிருந்தவர் தாராளமாக என் கையில் வைத்தார்.

கறுப்புப் பிளாஸ்டிக் கூடு. உள்ளே நீண்ட ஸ்பிரிங், அதன் தலையில் தோட்டாவை மேலே தள்ளும் ஒரு சின்னப் பலகை, அடியில் கழற்றி மாட்டக்கூடிய மூடி. அவ்வளவுதான். விரலால் பலகையை அழுத்தினால் எதிர்த்துத் தள்ளுகிறது. கூடு லேசாக வளைந்திருப்பது அழகுக்காக இல்லை. தோட்டாவின் உறை அடியில் கொஞ்சம் பருத்தும் நுனிப்பக்கம் சிறுத்தும் இருப்பதால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது அடுக்கே வளைந்துகொள்ளும். இந்தக் கடையில் தொங்கியவை எல்லாம் 10, 15. விலை ஒரு சாதாரண மதியச் சாப்பாட்டுக்கு ஆகிற பணம். தொடர் எண் கிடையாது, உரிமம் கிடையாது.

அந்த அடிமூடிதான் வழக்காயிற்று. 15-க்கு மேல் ஏற்கும்படி எளிதில் மாற்றுவதற்கென வடிவமைத்ததும் தடைக்குள் வரும் என்று சட்டம் சொன்னது. மூடியைக் கழற்ற முடிந்தாலே கூட்டை நீட்டலாமே, அப்படியானால் எல்லா மேகசினும் குற்றம்தானே என்று வழக்குப் போட்டார்கள். மூடி கழல்கிறது என்பதால் மட்டும் அது தடைக்குள் வராது என்று 2020-இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டு, சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நடுவில் சில கடைகள் 30 தோட்டா மேகசினைப் பிரித்து, உதிரிகளாகப் பையில் போட்டு, பழுதுபார்க்கும் பொருள் என்று விற்றதை உள்ளூர்த் தொலைக்காட்சி படம்பிடித்துக் காட்டியது. வீட்டில் கொண்டுபோய்ப் பூட்டிக்கொள்ள அரை நிமிடம் போதும்.

இன்னொரு ஓட்டை சட்டத்துக்குள்ளேயே இருந்தது. 2013 ஜூலை 1-க்கு முன்பே சொந்தமாக இருந்து, தொடர்ந்து கைவசமும் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். ஐ-25-க்குக் கிழக்கே விரியும் வெல்ட் கவுண்டியின் அப்போதைய ஷெரிஃப் ஜான் குக், இரண்டு மேகசின்களைக் கையில் எடுத்துக் கலந்து காட்டி, எது தேதிக்கு முன் வாங்கியது, எது பின் வாங்கியது என்று சொல்ல முடியுமா என்று செய்தியாளரைக் கேட்டார். மாநிலத்தின் 64 கவுண்டிகளில் பெரும்பாலானவற்றின் ஷெரிஃப்கள் அவரோடு சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். சட்டத்தை அமல்படுத்த வேண்டியவர்களே மனுதாரர்கள்!

கடைக்காரர் தன் பங்குக்கு ஒரு வாதம் வைத்தார். டென்வருக்குத் தெற்கே கொலம்பைன் பள்ளியில் 1999 ஏப்ரல் 20 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தபோது நாடு முழுக்க 10 தோட்டா வரம்பு இருந்தது. 1994-இல் வந்து 2004-இல் காலாவதியான மத்தியச் சட்டம் அது. கொலையாளிகளில் ஒருவன் வரம்புக்கு உட்பட்ட 10 தோட்டா மேகசின்கள் 13 கொண்டுவந்தான். "மாற்ற எவ்வளவு நேரமாகும்? இரண்டு நொடி." உண்மைதான். அந்த இரண்டு நொடிக்கும் ஒரு கதை உண்டு. 2011 ஜனவரியில் அரிசோனாவின் டூசானில் கூட்டத்தின்மேல் சுட்டு 33 தோட்டா மேகசினைக் காலி செய்தவன் அடுத்ததை எடுக்கும்போதுதான் அங்கிருந்தவர்கள் அவன்மேல் பாய்ந்து அமுக்கினார்கள். ஒரு பெண்மணி அந்த மேகசினையே பிடுங்கினார். அவன் இடையில் நிறுத்த வேண்டியிருந்தது ஒரே ஒரு முறை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நான் கடைக்காரரிடம் விவாதிக்கவில்லை. ஆனால் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதில் அர்த்தம் இருக்கிறது என்றே இன்னும் நினைக்கிறேன்.

உதிரிப்பாகங்களுக்குப் போடும் தடையைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காரணம், தம்பியின் வீட்டுக் கேரேஜில் பார்த்தது.

அவன் முன்பு சான் ஹோசேயில் இருந்தபோது வாங்கிய ஏஆர்-15 வகை ரைஃபிள் அது. பூட்டிய பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். பிடியில் சுறாவின் துடுப்பு மாதிரி ஒரு பிளாஸ்டிக் தகடு நீட்டிக்கொண்டிருந்தது. பிடியைச் சுற்றிக் கட்டைவிரலைக் கொண்டுபோக முடியாது, தகடு தடுக்கும். அதற்காகவே செய்தது. கலிஃபோர்னியாவில் கழற்றும் மேகசின் கொண்ட தானியங்கி மறுநிரப்பு ரைஃபிளில் துருத்தும் பிஸ்டல் பிடி, மடங்கும் அல்லது நீளும் தோள்கட்டை, முன்பக்கப் பிடி, சுடரை மறைக்கும் குழல்முனை, எறிகுண்டு ஏவி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அது தாக்குதல் ஆயுதம். அங்கே முதல் சட்டம் வந்ததற்கும் ஒரு பள்ளிதான் காரணம். 1989 ஜனவரியில் ஸ்டாக்டன் நகரத் தொடக்கப்பள்ளியில் ஐந்து பிள்ளைகள் சுடப்பட்டு இறந்தார்கள், எல்லாரும் கம்போடிய, வியட்நாமிய அகதிக் குடும்பங்களின் பிள்ளைகள். அந்தச் சட்டம் துப்பாக்கிகளைப் பெயர் சொல்லித் தடுத்தது. பெயரை மாற்றி விற்றார்கள். 2000-இல் உறுப்பு வாரியாகத் தடுத்தார்கள். சில வருடங்களில் வந்தது 'புல்லட் பட்டன்'. கருவி இல்லாமல் மேகசினைக் கழற்ற முடியாவிட்டால் அது கழற்றும் மேகசின் அல்ல என்பது விதி. தோட்டாவின் முனையே கருவியாக ஏற்கப்பட்டது. தோட்டா முனையால் அழுத்தினால் கழலும் பொத்தானைப் பொருத்திச் சட்டத்துக்கு உட்பட்டவர்களானார்கள். 2016-இல் அந்த வழியையும் அடைத்தபோது இந்தத் துடுப்பு பரவியது.

"இத வச்சுச் சுட்டா குறி தப்புமா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் அசிங்கமா இருக்கும். பழகிட்டா ஒண்ணும் இல்லண்ணே. இங்க வந்தப்புறம் கழட்டிருக்கலாம், சோம்பேறித்தனம்."

குழலின் முனையைக் காட்டினான். அதிலிருந்தது உதைப்பைக் குறைக்கும் பிரேக். கலிஃபோர்னியாவில் சுடரை மறைப்பது ஆகாது, உதைப்பைக் குறைப்பது ஆகும். நியூயார்க்கில், 2013 ஜனவரியில் வந்த சேஃப் சட்டப்படி, இரண்டுமே ஆகாது. முனையில் எதையாவது திருகி மாட்டத் தோதாக மரை வெட்டியிருந்தாலே ஆகாது. கொலராடோ மாநிலச் சட்டம் இந்தப் பட்டியலுக்குள்ளேயே போகவில்லை. ஆனால் ஃபோர்ட் காலின்ஸுக்குத் தெற்கே, ஏறக்குறைய ஒரு மணி ஓட்டத்தில் இருக்கும் பௌல்டர் போனது. 2018-இல் நகர மன்றம் தானாக ஒரு தடை போட்டது. 2021 மார்ச் 12 அன்று, நகராட்சிக்கு அந்த அதிகாரமில்லை என்று நீதிபதி ஒருவர் அதை நிறுத்தினார். பத்தே நாளில் அந்த ஊர்ப் பல்பொருள் அங்காடியில் பத்துப் பேர் சுடப்பட்டு இறந்தார்கள். மாநிலம் உள்ளாட்சிகளுக்கு அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2022-இல் பௌல்டரும் பக்கத்து ஊர்களும் தடையைப் புதிதாக எழுதின. அங்கே மேகசினுக்கு வரம்பு 10. ஆக, தம்பி வேலை விஷயமாகத் தெற்கே போனால் 15 பத்தாகிறது, வடக்கே போனால் கணக்கே இல்லை.

அந்த அங்காடிக் கொலையாளி வாங்கியது பௌல்டரில் இல்லை, அர்வாடா என்ற வேறு ஊரில். அது ரைஃபிள்கூட இல்லை, பிஸ்டல் என்று விற்கப்பட்ட ஏஆர் வகை. 1934-இன் மத்தியச் சட்டப்படி 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலோடு தோள்கட்டை சேர்ந்தால் பதிவு செய்ய வேண்டும். தோள்கட்டை வைக்காமல், முன்கையில் கட்டிக்கொள்ளும் தாங்கி ஒன்றை வைத்தால் பிஸ்டல். 2023-இல் மத்திய அரசு அந்தத் தாங்கியையும் தோள்கட்டையாகக் கருத விதி செய்தது. 2024-இல் நீதிமன்றம் விதியை ரத்து செய்தது. விசாரணையில் அவன்மேல் நிரூபணமான குற்றங்களில், தடைசெய்த மேகசின்கள் வைத்திருந்ததற்கு ஆறு. சட்டம் எட்டு வயதாகியும் அவன் கைக்கு அவை கிடைத்தன.

வடக்கே கிளம்பினோம். ஆற்றோரக் காட்டன்வுட் மரங்கள் மஞ்சளித்திருந்தன. வழியில் பெட்ரோல் பங்கில் வேட்டைக்காரர்கள் கூட்டம், எல்லாரும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு உடையில். இது எல்க் மானின் பருவம். உடம்பில் 500 சதுர அங்குல ஆரஞ்சாவது தெரிய வேண்டும் என்பது விதி, இளஞ்சிவப்பும் ஆகும். இதே கொலராடோவில் பெரிய விலங்கு வேட்டைக்குத் தானியங்கி மறுநிரப்பு ரைஃபிள் கொண்டுபோனால் குழலறையையும் மேகசினையும் சேர்த்து ஆறு தோட்டாவுக்கு மேல் கூடாது. வலசைப் பறவை சுடும் ஷாட்கன்னுக்கு மத்திய விதிப்படி மூன்றுதான், 1930-களிலிருந்து இருக்கிறது. துப்பாக்கிக்குள் ஒரு கட்டையைச் செருகி மூன்றோடு நிறுத்துவார்கள். வாத்துக்கு மூன்று, எல்க்குக்கு ஆறு என்பதை எதிர்த்து யாரும் கொடி பிடிக்கவில்லை. விலங்கு அழிந்துபோகக் கூடாது என்று வேட்டைக்காரனுக்கே கவலை இருக்கிறது.

எல்லை வந்தது. முதல் வெளியேறும் சாலைகளிலேயே பெரிய பட்டாசுக் கடைகள். வெடிப்பதும் தரையை விட்டுக் கிளம்புவதும் கொலராடோவில் தடை. அங்குள்ளவர்கள் ஜூலை நான்காம் தேதிக்கு இங்கே வந்து வாங்குவார்கள். எதிர்த்திசைப் போக்குவரத்தும் உண்டு: கஞ்சா வயோமிங்கில் குற்றம், கொலராடோவில் 2014 முதல் கடையில் விற்பனை. ஆனால் துப்பாக்கி வாங்கும் படிவத்தில், மாநிலம் அனுமதித்தாலும் கஞ்சா பயன்படுத்துகிறவருக்குத் துப்பாக்கி கிடையாது என்று எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறது. அது மத்திய அரசின் படிவம்.

ஷையானில் பார்க்க விரும்பியது மேக்புல் நிறுவனத்தின் ஆலை. வெளியிலிருந்துதான் பார்க்க முடிந்தது. காற்று காரின் கதவைப் பிய்த்துவிடும்போல் அடித்தது. இந்த ஆலை கொலராடோ சட்டத்தின் குழந்தை. 1999-இல் கடற்படைக் காலாட்படையின் முன்னாள் வீரர் ஒருவர் தொடங்கிய நிறுவனம். முதல் சரக்கு, பையிலிருந்து மேகசினை இழுக்க அதன் அடியில் மாட்டும் ரப்பர் வளையம். பிறகு பிளாஸ்டிக் மேகசினுக்கு வந்து, கொலராடோவின் ஈரி என்ற சிற்றூரில் வளர்ந்தது. 2013 மசோதா நிறைவேறினால் போய்விடுவோம் என்று சொன்னார்கள். நிறைவேறியது. போவதற்குமுன் கொலராடோக்காரர்களுக்கு முன்னுரிமை கொடுத்து மேகசின்களை அனுப்பிவைத்தார்கள்; தடை தொடங்குவதற்குச் சற்று முன் ஒரு விழா எடுத்து இலவசமாகவும் கொடுத்தார்கள். அந்தச் சில மாதங்களில் எத்தனை வீடுகளின் அலமாரிக்குள் போயிருக்கும்! தலைமையகம் டெக்சஸுக்கும், உற்பத்தி இங்கேயும் வந்தன. கொலராடோவில் வார்த்த அதே கூட்டை எல்லைக்கு வடக்கே வார்க்கிறார்கள். தடை வந்ததால் ஒன்றும் உற்பத்தி குறையவில்லை.

ஷையான் கடையில் 30 தோட்டா மேகசின்கள் வாசலருகே பெரிய தொட்டியில் குவித்துக் கிடந்தன. கல்லாவுக்குப் பின்னால் 60 தோட்டா உருளை. மேகசின் துப்பாக்கியில் சேர்த்தியில்லை என்பதால் பின்னணிச் சோதனை வேண்டாம். கொலராடோ ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினால் விற்பீர்களா என்று தம்பி கேட்டான். விற்பனைப் பெண் சிரித்துவிட்டு, "நான் உரிமத்தைக் கேட்கவே இல்லையே" என்றார்.

இந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் 2025-இல் கொலராடோ இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. முன்மொழிந்தவர்களில் டாம் சல்லிவன் முக்கியமானவர். அரோரா திரையரங்கில் தன் 27-ஆவது பிறந்தநாள் கொண்டாடப் போய் இறந்தவர் அவருடைய மகன். மேகசினைத் தடுக்க முடியாவிட்டால் அதை ஏற்கும் துப்பாக்கியைத் தடுப்போம் என்பது யோசனை. கழற்றும் மேகசின் கொண்ட தானியங்கி மறுநிரப்பு ரைஃபிள்களின் விற்பனைக்கே தடை கேட்டுத் தொடங்கி, அனுமதியோடு விற்கலாம் என்பதில் முடிந்தது: ஷெரிஃபிடம் தகுதிச் சான்று, பிறகு வகுப்பு, தேர்வில் 90 விழுக்காடு. வேட்டைப் பயிற்சி முடித்தவருக்கு 4 மணி நேரம், மற்றவருக்கு இரண்டு நாளில் 12 மணி நேரம். ஏப்ரலில் ஆளுநர் ஜாரெட் போலிஸ் கையெழுத்திட்டார். அமலுக்கு வரும் நாள் 2026 ஆகஸ்ட் 1 என்று குறித்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் எண்ணைத் துரத்திவிட்டு, கடைசியில் வாங்குகிற ஆளைப் பார்க்க வந்திருக்கிறார்கள். கலெக்டர் அலுவலகத்துக்கு நடந்து நடந்து துப்பாக்கி உரிமம் வாங்கிய நம்மூர் மிராசுதாரருக்கு இதில் புதுமை தெரியாது.

திரும்பும்போது தம்பி வேறு யோசனையில் இருந்தான். நவம்பர் விடுமுறைக்கு சான் ஹோசேக்குக் காரிலேயே போகிறான். அங்கே பழைய நண்பர்களோடு ரேஞ்சில் சுட ஆசை. ஷையானிலிருந்து ஐ-80 நேராகக் கலிஃபோர்னியாவுக்குப் போகிறது. வயோமிங், யூட்டா, நெவாடா மூன்றிலும் வரம்பில்லை. வழியில் உள்ள மாநிலங்களில் பிடிக்காமலிருக்க 1986-இன் மத்தியச் சட்டம் காப்பு தருகிறது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் சட்டப்படி வைத்திருக்கலாம் என்றால், நிரப்பாமல், கைக்கெட்டாத இடத்தில் பூட்டி எடுத்துப் போகலாம். அந்த வாசகம் துப்பாக்கி என்கிறது, தோட்டா என்கிறது. மேகசினைப் பெயர் சொல்லவில்லை. 15 தோட்டா மேகசினைக் கலிஃபோர்னியாவுக்குள் கொண்டுபோவதோ குற்றம்.

"அப்ப என்ன செய்யப் போற?"

"துடுப்பக் கழட்டாம விட்டது நல்லதாப் போச்சுண்ணே. பதினஞ்ச வீட்ல வச்சுட்டு பத்த எடுத்துட்டுப் போறேன். எப்படியும் ட்ரக்கி பக்கத்துல சாவடியில நிறுத்துவாங்க. அங்க இதப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க. ஆரஞ்சுப் பழம் வச்சிருக்கியான்னுதான் கேப்பாங்க."